மூன்றாவது பட்டியல்

கம்ப்யூட்டர் மேடத்திடம் போய் "டாக்டர் இன்னும் வரலையா?" என்று கேட்கக் கூடாது. "நான் பாக்கலை" என்பார். "அப்ப வரலைதானே?" என்று இன்னொரு தரம் கேட்டால், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "பாக்கலைன்னுதான் சொன்னேன். வரலைன்னு சொல்லலையே" என்பார். கேட்டவர்கள் தலையில் அடித்துக்கொண்டு போவார்கள். நானும் பல நாள் அடித்துக்கொண்டிருக்கிறேன், மனசுக்குள்.

காவிரியில் தண்ணீர் திறந்துவிட்ட சமயம் ஒருநாள். ஆஸ்பத்திரி முழுக்க அதே பேச்சு. மேடம் தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டி வருகிறவர். வாட்ச்மேன் ஆசையாகக் கேட்டார்.

"பாலத்துக்கு அடியில தண்ணி வந்துடுச்சா மேடம்?"

"இன்னைக்கு நடுவுல நின்னுக்கிட்டு வந்தேன். ஜன்னல் பக்கம் பாக்க முடியலை."

"பஸ்ஸுல யாரும் பேசிக்கலையா?"

"பேசிக்கிட்டாங்க. ரெண்டு பேரு வந்துடுச்சுன்னாங்க. ஒருத்தரு இல்லைன்னாரு."

வாட்ச்மேன் என் பக்கம் திரும்பி, "இவங்களைக் கேட்ட நேரத்துக்கு நானே நடந்து போயிப் பாத்துட்டு வந்திருக்கலாம் ஆயாம்மா" என்றார். மேடத்துக்குக் கோபமே வரவில்லை. "அதுதான் நல்லது" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார்.

காவிரிப் பாலத்துக்குத் திருச்சிப் பக்கம் இருந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரி அது. பெண்கள் வார்டில் நான் ஆயா வேலை பார்த்தேன். அரியமங்கலத்திலிருந்து வருவேன். பெருக்குவது, துடைப்பது, பெட்பேன் வைப்பது, வெந்நீர் கொடுப்பது, சாப்பாட்டு வண்டி தள்ளுவது எல்லாம் என் வேலை. மாடிப்படிக்கு அடியில் இருந்த சின்ன அறைதான் மேடத்தின் இடம். வருகிற நோயாளிகளின் பெயர், ஊர், வயசு, என்ன வியாதி, சர்க்கரை உண்டா, எந்த மருந்து உடம்புக்குச் சேராது என்பதெல்லாம் அவருடைய கம்ப்யூட்டரில்தான் ஏறும். ஒல்லியான உடம்பு. நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு. எங்களோடு எங்களைப் போலத்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் வீட்டுப் பேச்சு வந்துவிடும். அதை வைத்தே அவர் கோபத்தை நாங்கள் அளந்துகொள்வோம்.

அவருக்குக் குழந்தை இல்லை என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் எதுவும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. கேண்டீனில் ஒருநாள், மருந்து கொடுக்கிற இடத்துப் பெண், "உங்களுக்கென்ன மேடம், பிள்ளையா குட்டியா, நிம்மதியா இருக்கீங்க" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். மேடம் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்கு ரெண்டு பொண்ணு. பெரியவ காலேஜ் போறா."

"ஐயையோ, சொல்லவே இல்லையே மேடம்!"

"நீங்க கேக்கவே இல்லையே. கேக்காமலே நீங்களா இல்லைன்னு எழுதிண்டுட்டேளா?"

அந்தப் பெண் முகம் சுருங்கிப் போனாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மேடத்தின் வாயிலிருந்து "எழுதிண்டுட்டேளா" வந்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

ஆறுதல் சொல்லவும் அவருக்கு வராது. ஒரு தடவை மருங்காபுரிப் பக்கத்து அம்மா ஒருத்தி, ஆபரேஷன் அறையில் இருந்த மகளுக்காக மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். போகிறவர் வருகிறவர் எல்லோரையும், "என் மக பொழைச்சுக்குவாளா?" என்று கேட்டாள். நான் "ஒண்ணும் ஆகாதும்மா" என்றேன். சிஸ்டரும் அதையேதான் சொன்னார். மேடம் வெளியே வந்தபோது அவரையும் கேட்டாள். "எனக்குத் தெரியாதும்மா" என்றார் மேடம். இப்படியும் ஒரு மனுஷியா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் அப்படிச் சொன்னவர் அங்கேயே, அந்தப் படியிலேயே, அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கதவு திறந்து டாக்டர் வருகிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை. "ஒண்ணும் ஆகாது" என்று சொன்ன நாங்கள் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

அவர் எதற்காக இப்படி இருக்கிறார் என்பது சாப்பாட்டு வண்டியால்தான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

எங்கள் வார்டில் நாற்பது கட்டில். புதுசாக ஓர் ஏற்பாடு வந்தது. சமையல்கட்டுக்கு இனிமேல் கம்ப்யூட்டரிலிருந்தே பட்டியல் வரும் என்றார்கள். ஒரு தாளில் சர்க்கரை உள்ளவர்கள், அவர்களுக்குச் சப்பாத்தி. இன்னொரு தாளில் மற்றவர்கள், அவர்களுக்குச் சாதமும் வாழைப்பழமும். முதல் நாள் மத்தியானம் இரண்டு தாளையும் கையில் வைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளினேன். முதல் தாளில் ஒன்பது பேர். இரண்டாவது தாளில் இருபத்திரண்டு பேர். கொடுத்து முடித்தேன். வண்டி காலி. இன்னும் ஒன்பது பேர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் ஆயாம்மா, நாங்க மட்டும் என்ன பாவம் பண்ணினோம்?"

"உங்க பேரு இதுல இல்லைங்களே."

"அந்தத் தாளுல?"

"அதுலயும் இல்லைங்க."

மூலைக் கட்டில் கிழவி, "செத்தவங்க லிஸ்டுன்னு ஒண்ணு வச்சிருப்பாங்க, அதுல தேடிப் பாருடி" என்றாள். வார்டே சிரித்தது. பசியோடு சிரித்தார்கள்.

கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், கழுத்தில் அட்டை தொங்கவிட்டவர், அன்றைக்கு மேடத்தின் அறையில்தான் இருந்தார். தாளை எடுத்துக்கொண்டு அங்கே ஓடினேன். மேடம் பார்த்துவிட்டுச் சொன்னார். அந்த ஒன்பது பேரையும் அவசரத்தில் சேர்த்திருக்கிறார்கள். சர்க்கரை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. அந்த இடம் காலியாக இருக்கிறது. கம்ப்யூட்டரிடம் "சர்க்கரை உள்ளவர் யார்?" என்று கேட்டால் அவர்கள் வரமாட்டார்கள். "அவர்களைத் தவிர மற்றவர் யார்?" என்று கேட்டாலும் வரமாட்டார்கள்.

"காலியா இருந்தா கம்ப்யூட்டர் பாஷையில அதுக்கு 'நல்'னு பேரு மேடம். என்னன்னே தெரியாததை அது இந்தப் பக்கமும் சேக்காது, அந்தப் பக்கமும் சேக்காது. ஒரு வரி மாத்திட்டாப் போதும். காலியா இருந்தா 'இல்லை'ன்னு எடுத்துக்கச் சொல்லிடறேன். எல்லாருக்கும் சாப்பாடு போயிடும்" என்றார் கம்பெனிக்காரர்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"சாப்பாடு போடுங்கோ. யார் வேண்டாம்னா? ஆனா கேக்காத கேள்விக்கு நீங்க எப்படிப் பதில் எழுதுவேள்?"

"ஒரு வேளை சாப்பாட்டுக்கு இவ்வளவு யோசிக்கணுமா மேடம்?"

"இன்னைக்குச் சாப்பாடு. நாளைக்கு இதே வரியைத்தானே மருந்துக்கும் போடுவேள்?"

அந்த மனிதர் உட்கார்ந்து மேடம் சொன்னபடி செய்துகொடுத்தார். அன்று முதல் மூன்று தாள் வந்தது. மூன்றாவது தாளின் தலைப்பில் "இன்னும் கேட்கவில்லை" என்று இருக்கும். அந்தத் தாளில் இருப்பவர்களுக்குக் கேட்கிறவரைக்கும் சப்பாத்தி. மருந்துக்கும் அதே மாதிரி ஒரு தாள். "சேராத மருந்து இல்லை" என்று எழுதியிருந்தால் சிஸ்டர் நேராக ஊசி போடுவார். காலியாக இருந்தால் கைத்தோலில் முதலில் ஒரு சொட்டுப் போட்டு, அரைமணி காத்திருந்து, தடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போடவேண்டும். சிஸ்டர்களுக்கு அந்த அரைமணி பெரிய எரிச்சல். அதனால் மூன்றாவது தாளை யாராவது சீக்கிரம் கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்டுத் தீர்க்க வேண்டும். யாருக்கு நேரம்? ஆயாம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும், ஐந்தாம் வகுப்பு என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

முன்பின் தெரியாதவர்களிடம் நானாகப் போய்ப் பேசி எனக்குப் பழக்கமில்லை. பெருக்கும்போது "காலைத் தூக்குங்க" என்று சொல்வதற்குப் பதிலாக, அவர்களாகத் தூக்குகிறவரைக்கும் நிற்கிறவள் நான். முதல் நாள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரமே நின்றேன். மேடமே கூட வந்தார். "உங்களுக்கு எந்த மருந்தாவது சேராதா? ஊசி போட்டு எப்பவாவது அரிப்பு, மூச்சுத் திணறல் வந்திருக்கா?" என்று எப்படிக் கேட்பது என்று காட்டிக்கொடுத்தார். ஒரு கிழவி, "தெரியலையேம்மா" என்றாள். அதற்கு மேடம் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "கேட்டாச்சு, தெரியலைன்னுட்டாங்க. அதையும் எழுதிக்குங்க. கேக்காதது வேற, தெரியாதது வேற" என்றார். தெரியாது என்று ஒருத்தி சொன்னதற்குச் சந்தோஷப்பட்ட ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தினமும் பட்டியலைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒவ்வொரு பெயருக்கும், "கேட்டீங்களா?" என்பார். "கேட்டேன்" என்பேன். அப்புறம்தான் விசைப்பலகையில் கை வைப்பார்.

ஆறேழு மாதம் ஒழுங்காகத்தான் கேட்டேன். அப்புறம் என் முட்டி வீங்க ஆரம்பித்தது. கூட இருந்த ஆயா வேலையை விட்டுப் போய்விட்டாள். இரண்டு பேர் வேலை என் தலையில். மத்தியானம் ஆனால் காலைத் தரையில் வைக்க முடியாது. தூங்குகிறவளை எழுப்ப வேண்டும், எழுப்பினால் திட்டுவாள். காது கேட்காதவளிடம் கத்த வேண்டும், கத்தினால் வார்டே திரும்பிப் பார்க்கும். நூறு பேரைக் கேட்டால் தொண்ணூறு பேர் "இல்லை" என்றுதான் சொல்வார்கள் என்று எனக்கே தெரிந்துவிட்டது. ஒருநாள் ஒருத்தியிடம் கேட்காமல் "இல்லை" என்று எழுதினேன். "கேட்டீங்களா?" என்றார் மேடம். "கேட்டேன்" என்றேன். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாள் இரண்டு பேர். பிறகு எண்ணவில்லை.

வையம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருத்தி வந்தாள். கடலைக் கொல்லையில் களைக்கொத்து காலில் பட்டு, புண் புரையோடிக் காய்ச்சலோடு விடியற்காலையில் சேர்த்திருந்தார்கள். நான் பட்டியலோடு போனபோது வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அலைந்து வந்த தூக்கம். எனக்கும் அப்படி ஒரு தூக்கம் தூங்க வேண்டும் போலிருந்தது. எழுப்பவில்லை.

"கேட்டீங்களா?"

"கேட்டேன் மேடம். இல்லையாம்."

அவர் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டார். நான் வெந்நீர் எடுத்துக்கொண்டு வார்டுக்குத் திரும்பினேன். அவள் விழித்திருந்தாள். தண்ணீரை வாங்கிக்கொண்டே, "ஏம்மா, ஊசி போடுவாங்களா இங்கே?" என்றாள்.

"புண்ணுக்குப் போடுவாங்கதான்."

"ஊசின்னாலே உசுரு போகுதும்மா. முன்ன ஒரு தரம் போட்டப்ப மேலெல்லாம் தடிச்சு, தொண்டை அடைச்சு, மூச்சே வாங்க முடியலை. பொழைச்சதே பெருசுன்னாங்க."

சிஸ்டர் தட்டோடு நாலு கட்டில் தள்ளி வந்துகொண்டிருந்தார். ஊசியில் மருந்து ஏற்றியாகிவிட்டது. வார்டு நடுவில் ஓடினேன். அந்த முட்டியோடு எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை.

"சிஸ்டர், பதினேழாம் கட்டிலுக்குப் போடாதீங்க."

"ஏன்? கம்ப்யூட்டர்ல இல்லைன்னு இருக்கே ஆயாம்மா."

"போடாதீங்க சிஸ்டர். அவங்களைக் கேளுங்க. நீங்களே கேளுங்க."

அவர் கேட்டார். டாக்டரைக் கூப்பிட்டார்கள். டாக்டர் வேறு மருந்து எழுதினார். ஐந்தாம் நாள் அவள் ஊன்றி ஊன்றி நடந்து வீட்டுக்குப் போனாள். என்னிடம் சொல்லிக்கொண்டு போனாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஊசியை நிறுத்தின அன்றைக்கே நேராக மாடிப்படிக்கு அடியில் போய் நின்றேன்.

"பதினேழைக் கேக்கலை மேடம்."

மேடம் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. கம்ப்யூட்டரில் அந்தப் பெயரைத் திறந்து, தான் எழுதின "இல்லை"யை அழித்துவிட்டு, அவள் என்னிடம் சொன்னதைக் கேட்டுக் கேட்டு எழுதினார். அப்புறம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இது ஒண்ணுதானா?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"இன்னும் எத்தனை பேரு?"

"தெரியாது மேடம்."

"யார் யாருன்னாவது?"

"ஞாபகம் இல்லைங்க. பாதிப் பேரை நெஜமாவே கேட்டேன். பாதிக்கு மேலயே கேட்டிருப்பேன்."

அவர் நான் கொண்டுவந்த பட்டியல்களில் இருந்த "இல்லை" எல்லாவற்றையும் வரிசையாக எடுத்தார். ஒவ்வொன்றாகக் காலியாக்கினார். மத்தியானம் சாப்பிடவில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன். நான் வலியோடு நின்று கேட்டதெல்லாம் கூட அதில் போய்க்கொண்டிருந்தது.

"கேட்டதையும் சேத்து அழிக்கிறீங்களே மேடம்."

"எது கேட்டதுன்னு உங்களுக்கே தெரியலையே. எனக்கு எப்படித் தெரியும்?"

உட்காரச் சொல்லி ஸ்டூலைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்றிதழ் கொடுக்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. ஏடுகள் எல்லாம் நிறைந்து இருக்க வேண்டும் என்று மேனேஜர் மாசக் கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மேடத்தைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். டீ கொண்டுவரச் சொல்லி எனக்கும் ஆள் வந்தது. பிளாஸ்கோடு நான் உள்ளே போனபோது பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"போன வாரம் முழுசா நிறைஞ்சிருந்தது. இந்த வாரம் பாதிக்குப் பாதி காலி. யாரு மேடம் அழிச்சது?"

"நான்தான் சார்."

"எதுக்கு?"

"கேக்காம எழுதினது கலந்திருந்தது. பிரிக்க முடியலை."

"யாரு கேக்காம எழுதினது?"

நான் டம்ளரை மேஜைமேல் வைத்தேன்.

"யாருன்னு தெரியாதா?"

"தெரியும் சார்."

"அப்ப சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன் சார்."

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனாலாவது நான் விட்டுடுவேன் மேடம். என்னமோ கம்ப்யூட்டர் கோளாறுன்னு மேலே சொல்லிக்குவேன்."

"தெரியாதுன்னு எப்படி சார் சொல்றது? தெரியுமே."

என் வாய் திறந்தது. திறந்தது என்றுதான் இன்றைக்கும் எனக்கு ஞாபகம். படுத்த படுக்கையாக இருந்த வீட்டுக்காரரும், நான் ஒருத்தி கொண்டுபோகிற சம்பளமும் கண் முன்னால் வந்தது. திறந்த வாயால் நான் கேட்டது இதுதான்:

"உங்களுக்கும் டீ ஊத்தட்டுமா மேடம்?"

"வேண்டாம்" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் மேனேஜருக்குத் தெரிந்துபோயிருக்கும்.

அவரை ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள். கம்ப்யூட்டருக்கு வேறு ஆளை உட்கார வைத்தார்கள். அந்த ஆள் ஞாயிற்றுக்கிழமையே வந்து, காலி இடமெல்லாம் "இல்லை" என்று போட்டு முடித்துவிட்டார். திங்கட்கிழமை வந்தவர்கள் பார்த்துவிட்டு, மேனேஜருக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். மூன்றாவது தாள் அதற்குப் பிறகு வரவில்லை. மேடம் ஸ்டோர் ரூமில் ஒரு மாதம் இருந்தார். பிறகு வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

கடைசி நாள் சாயங்காலம் அவர் பையை நான் வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் போனேன். அந்த ஒரு மாதமும் அவர் எதிரில் வராமல் ஒதுங்கியே இருந்தவள் நான். சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம்.

"நான்தான்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும் மேடம்."

"சொல்லியிருக்கலாம்" என்றார்.

பரவாயில்லை என்பார் என்று நின்றுகொண்டிருந்தேன். யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. என் மேல் கோபமா என்று பார்த்தேன். கோபமும் இல்லை. பையை வாங்கிக்கொண்டு, என் முட்டியைப் பார்த்துவிட்டு, "ரொம்ப வீங்கியிருக்கே, யாருகிட்டயாவது காட்டினீங்களா?" என்றார்.

"காட்டலை மேடம்."

"காட்டுங்க."

ஸ்ரீரங்கம் பஸ் வந்தது. கூட்டம். ஒற்றைக் காலைப் படியில் வைத்து ஏறிக்கொண்டார்.

மறுநாள் காலையில் வார்டைப் பெருக்கிக்கொண்டு வரும்போது, புதுசாகச் சேர்ந்த ஒருத்தி சுவர்ப்பக்கம் திரும்பி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். யாரும் என்னைக் கேட்கச் சொல்லவில்லை. கையில் பட்டியலும் இல்லை. துடைப்பக்கட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு அவள் தோளைத் தட்டினேன். எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தட்டினேன்.

"ஏன் ஆயாம்மா, மனுஷியைத் தூங்கவிட மாட்டீங்களா?" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.